அமுக்கிப் பார்க்கக் கூடாத பொத்தான்

போன வருஷம் அலுவலக நண்பர் ஒருவரின் ஊருக்குப் போயிருந்தேன். கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். அவருடைய மச்சானுக்கு ஆழ்கடல் விசைப்படகு இருக்கிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் படகு நிற்கிறது, வாங்க பார்க்கலாம் என்றார். வீல் ஹவுஸில் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், இரண்டு வயர்லெஸ் செட். அதில் ஒன்றின் ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்ன மூடி, அதற்குள் ஒரு பொத்தான். மூடி மேல் ஆபத்து என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

"இதை எப்பவாவது அமுக்கிப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அமுக்குனா கோஸ்ட் கார்டு கப்பல் வந்துரும் சார். சும்மா அமுக்கிப் பார்த்தேன்னு சொன்னா விடுவாங்களா?"

"அப்ப இது வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். "வேலை செய்யணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிறதுதான்."

ஓசூர் திரும்பும் ரயிலில் இதே நினைப்பு. இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். சோதித்துப் பார்க்காத எதுவும் வேலை செய்யாது என்பதுதான் என் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். எங்கள் சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் எந்திரம் நிற்கும். மாதத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பார்கள். தீ ஒத்திகைக்கு சைரன் ஊதுவார்கள், எல்லோரும் வெளியே வந்து நிற்போம், அரை மணியில் திரும்பப் போய் வேலை பார்ப்போம். கடலில் இது முடியாது. ஒத்திகை என்று கேட்பவருக்குத் தெரியாவிட்டால் அங்கே நிஜமான கப்பல் கிளம்பும், நிஜமான ஹெலிகாப்டர் பறக்கும். அந்த நேரம் பார்த்து வேறு எங்கோ ஒரு படகு உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் கடலோடிகள் நூறு வருஷமாக இதை எப்படிச் சோதித்தார்கள்? தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அனுப்பியவர் தவறு செய்யவில்லை

கதை டைட்டானிக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் பலரும் சொல்லாத ஒரு விவரத்திலிருந்து. 1912 ஏப்ரல் 14 இரவு கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதற்கு இரண்டு நாள் முன் அதன் வயர்லெஸ் கருவி பழுதாகிவிட்டது. ஜாக் பிலிப்ஸ், ஹெரால்ட் பிரைட் என்ற இரண்டு மார்க்கோனி ஆபரேட்டர்களும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பல மணி நேரம் போராடி அதைச் சரிசெய்தார்கள். ஆகவே மோதிய இரவில் கருவி நல்ல நிலையில் இருந்தது. பிலிப்ஸ் முதலில் பழைய குறியான சி.க்யூ.டி., பிறகு எஸ்.ஓ.எஸ். என்று மாற்றி மாற்றி அனுப்பினார். எஸ்.ஓ.எஸ். ஒன்றும் அப்போது புதிதில்லை. 1906 பெர்லின் மாநாட்டில் ஏற்றுக்கொண்டு 1908-லேயே அமலுக்கு வந்தது.

அதாவது அனுப்பும் பக்கம் எல்லாம் சரி. கேட்கும் பக்கம்தான் இல்லை. பக்கத்தில் இருந்த கப்பல்களில் ஒன்று கலிஃபோர்னியன். அதில் இருந்தது ஒரே ஒரு ஆபரேட்டர். சிரில் எவன்ஸ் என்ற அந்த இளைஞர் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மோதலுக்குச் சில நிமிடங்கள் முன்புதான் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். சுமார் 58 மைல் தள்ளி இருந்த கார்பேதியாவின் ஆபரேட்டர் ஹெரால்ட் காட்டம், படுக்கப் போகும் நேரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் வைத்திருந்ததால் செய்தி அவர் காதில் விழுந்தது. கார்பேதியா வந்து 700-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. சுமார் 1500 பேர் இறந்தார்கள்.

ஆபத்து அழைப்பு என்பது அனுப்பும் கருவி மட்டுமில்லை. மறுமுனையில் விழித்திருக்கும் ஒரு காதும் சேர்ந்ததுதான். அதன் பிறகு வந்த ஏற்பாடுகளை வரிசையாகப் பார்த்தால், எல்லாமே அந்தக் காதை எப்படி விழித்திருக்க வைப்பது என்ற கவலையில் பிறந்தவை.

சிவப்பு வெட்டு போட்ட கடிகாரம்

முதல் ஏற்பாடு மௌன நேரம். 500 கிலோஹெர்ட்ஸ்தான் அன்றைய ஆபத்து அலைவரிசை. சாதாரண அழைப்புகளும் அதே அலைவரிசையில்தான் நடக்கும். சந்தைக்கடை இரைச்சலில் பலவீனமான ஒரு கூக்குரல் எப்படிக் கேட்கும்? அதனால் ஒவ்வொரு மணியிலும் 15-லிருந்து 18-வது நிமிடம் வரையும், 45-லிருந்து 48 வரையும் உலகம் முழுக்க எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க மட்டும் வேண்டும். பழைய கப்பல் வயர்லெஸ் அறைகளின் கடிகாரத்தில் அந்த மூன்று நிமிடங்களுக்குச் சிவப்புப் பட்டை வரைந்திருக்கும். பின்னால் பேச்சு ரேடியோவுக்கு 2182 கிலோஹெர்ட்ஸ் வந்தபோது, மணி தொடங்கும்போதும் அரை மணிக்கும் மூன்று நிமிடம் மௌனம். அதற்குப் பச்சைப் பட்டை.

இரண்டாவது, தானியங்கி மணி. ஒரே ஆபரேட்டர் இருக்கும் கப்பலில் அவர் தூங்கத்தானே வேண்டும்? 1927 வாஷிங்டன் ரேடியோ மாநாட்டில் ஒரு எச்சரிக்கைக் குறியை வகுத்தார்கள். ஒவ்வொன்றும் நான்கு விநாடி நீளமுள்ள 12 கோடுகள், இடையில் ஒரு விநாடி இடைவெளி. மொத்தம் ஒரு நிமிடம். சாதாரண மோர்ஸ் பேச்சில் நான்கு விநாடிக் கோடு வரவே வராது. அதனால் ஒரு எந்திரமே இதைப் பிரித்தறிந்து, தூங்கும் ஆபரேட்டரின் தலைமாட்டில் மணி அடிக்கும்.

அந்த எந்திரம் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நிஜமாக அனுப்பினால் சுற்று வட்டாரத்துக் கப்பல்களில் எல்லாம் தூங்குபவர்கள் எழுந்து ஓடி வருவார்கள். அதற்குக் கண்ட வழி, போலி ஏரியல். அலை வெளியே போகாமல் ஒரு மின்தடையில் சூடாகிக் கரைந்துவிடும். கருவி முழு பலத்தில் கத்தும், வெளியே ஒருவருக்கும் கேட்காது. கேட்கும் எந்திரத்துக்குக் கப்பலுக்குள்ளேயே பொய்க் குறி கொடுத்து மணி அடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

என் தொழிலில் இதைத்தான் டெஸ்ட் சர்வர் என்கிறோம். இதன் பலவீனமும் எங்களுக்குத் தெரிந்ததுதான். போலி ஏரியலில் சோதித்தால் நிஜ ஏரியல் சரியாக இருக்கிறதா என்று தெரியாது. ஏரியல் கேபிளில் உப்புத் தண்ணீர் ஏறியிருந்தாலும் சோதனை வெற்றிதான்.

112 என்ற எண்

1988-ல் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 1992 முதல் 1999 பிப்ரவரி 1 வரை படிப்படியாக ஒரு புதிய ஏற்பாடு அமலுக்கு வந்தது. ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மோர்ஸ் போனது, ரேடியோ ஆபரேட்டர் என்ற தனி வேலையும் பெரும்பாலும் போனது. அவருக்குப் பதில் வந்ததுதான் நான் தேங்காய்ப்பட்டணத்தில் பார்த்த அந்தச் சிவப்பு மூடி. டி.எஸ்.சி., அதாவது டிஜிட்டல் முறையில் தேர்ந்தெடுத்து அழைப்பது.

உள்ளே நடப்பது இதுதான். மூடியைத் திறந்து பொத்தானைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால், விஎச்எஃப் சேனல் 70-ல் சுமார் அரை நொடிக்கு ஒரு டேட்டா பொட்டலம் போகும். அதில் படகின் ஒன்பது இலக்க எண் இருக்கும். அதற்கு எம்.எம்.எஸ்.ஐ. என்று பெயர், இந்தியப் படகு என்றால் 419-ல் தொடங்கும். கூடவே ஜி.பி.எஸ். தந்த இடம், நேரம், என்ன ஆபத்து என்ற விவரம். ஒவ்வொரு எழுத்தும் பத்து பிட். ஏழு பிட் விஷயத்துக்கு, மீதி மூன்று பிட் அந்த ஏழில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணிச் சொல்வதற்கு. எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு முறை, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போகும். அலை ஒன்றை விழுங்கினாலும் இன்னொன்று பிழைக்கும். யாராவது பதில் கொடுக்கும் வரை சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே திரும்ப அனுப்பும். வரம்புக்குள் இருக்கும் எல்லா டி.எஸ்.சி. செட்டிலும் மணி அலறும்.

இந்தப் பொட்டலத்தில் 'இது ஆபத்து அழைப்பு' என்று சொல்லும் குறியீட்டு எண் 112. நம் நாட்டில் போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் கூப்பிடும் எண்ணும் 112-தான். தற்செயல்தான் என்றாலும் படித்தபோது ஒரு சின்ன சந்தோஷம்.

சோதனைக்கு இதில் மூன்று படிகள் வைத்தார்கள். பெரிய கப்பல்களில் தினமும், அலை வெளியே போகாமல் செட் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். பழைய போலி ஏரியலின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பேட்டரியையும் தினமும் பார்க்க வேண்டும். நீண்ட தூர செட்டுகளில் வாரம் ஒருமுறை கரை நிலையத்துக்கு டெஸ்ட் கால். அதே ஏரியல் வழியாக, அதே வகைக் குறியீட்டில் போகும் நிஜ அழைப்பு இது. வித்தியாசம் ஒன்றுதான். 112 இருக்க வேண்டிய இடத்தில் தனி ஒருவருக்கான அழைப்பு என்ற எண்ணும், உள்ளே 'இது சோதனை' என்ற எண்ணும் இருக்கும். எதிர்ப்பக்க செட் அதைப் பார்த்து 'வந்து சேர்ந்தது' என்று பதில் அனுப்பும். அந்தப் பதிலையும் தேதியையும் ரேடியோ நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது இந்த டெஸ்ட் கால்தான். ஏரியல், கேபிள், எண், எதிர்ப்பக்கம் எல்லாம் சேர்ந்து ஒரே அடியில் சோதனையாகிவிடுகிறது. யாரும் ஓடி வர வேண்டியதில்லை. தவறுதலாகச் சிவப்புப் பொத்தானையே அமுக்கிவிட்டாலும் வழி இருக்கிறது. பயந்து செட்டை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சேனல் 16-ல் படகின் பெயரும் எண்ணும் சொல்லி, என் ஆபத்து அழைப்பை ரத்து செய்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும்.

பத்தில் ஒன்பது

இவ்வளவு வசதி இருந்தும் என்ன ஆனது? 2010-ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தங்களுக்கு வரும் விஎச்எஃப் டி.எஸ்.சி. ஆபத்து அழைப்புகளில் சுமார் 90 சதவீதத்தில் இடம் பற்றிய விவரமே இல்லை. சுமார் 60 சதவீதத்தில் பதிவு செய்த எண் இல்லை. செட்டுக்கும் ஜி.பி.எஸ்ஸுக்கும் நடுவில் இரண்டு ஒயரை இணைக்காமல் விட்டதும், வாங்கும்போது எண்ணை வாங்கிப் பதியாததும்தான் காரணம். யாரோ ஒருவர் எங்கிருந்தோ காப்பாற்றுங்கள் என்று கூப்பிடுகிறார். யார், எங்கே என்று தெரியாது.

நான் இதைப் பார்த்து ஆச்சரியப்பட முடியாது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சர்வர் விழுந்தால் எச்சரிக்கை அனுப்பும் நிரல் என் பொறுப்பில் இருந்தது. வாராவாரம் சோதிப்பேன். மெயில் போகிறதா? போகிறது. ஒரு தீபாவளி விடுமுறையில் சர்வர் நிஜமாகவே விழுந்தது. எச்சரிக்கையும் சரியாகப் போனது. ஆனால் அது போன முகவரி ஆறு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவருடையது. அனுப்புவதை ஐம்பது தடவை சோதித்த நான், கேட்பதை ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. எங்கள் விஷயத்தில் போனது இரண்டு நாள் கணக்கு வழக்கு மட்டும்.

சட்டத்துக்கு வெளியே நின்ற படகுகள்

மேலே சொன்ன தினசரி, வாராந்திர சோதனை விதிகள் எல்லாம் சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும்தான். மீன்பிடி படகுகள் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே. நம் மீனவர் படகில் செட் இருந்தால் இருக்கும், சோதனை செய்யச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

இன்னொன்று தூரம். விஎச்எஃப் அலை பெரும்பாலும் கண் பார்வைக்கு எட்டும் தூரம்தான் போகும். கடல் மட்டத்திலிருந்து 9 மீட்டர் உயரத்தில் ஏரியல் வைத்த இரண்டு படகுகள் என்றால் சுமார் 13 கடல் மைல். கரையில் 60 மீட்டர் கோபுரம் இருந்தால் சுமார் 24 கடல் மைல், அதாவது 44 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி தூரம்கூட இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை படகுகளோ வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவை. லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே வந்து அரபிக்கடலுக்குள் திரும்பியது. கடலுக்குப் போய் நாளான படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கவிழ்ந்த படகுகளிலிருந்து குரலும் கரைக்கு எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். கரையில் இருந்தவர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தாங்களே தேடப் போனார்கள். என் நண்பரின் தெருவிலேயே திரும்பாதவர்களின் வீடுகள் இருக்கின்றன. அங்கே நின்றபோது இந்த அலைவரிசைக் கணக்கெல்லாம் வெறும் கணக்காக எனக்குத் தெரியவில்லை.

கடலில்லாத ஊரில் விழும் அழைப்பு

தூரத்துக்கு விடை செயற்கைக்கோள். 1982-ல் தொடங்கிய காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுத் திட்டம், 406 மெகாஹெர்ட்ஸில் கத்தும் பீக்கன்களை விண்ணிலிருந்து கேட்கிறது. பனிப்போர் உச்சத்தில் சோவியத்தும் அமெரிக்காவும் கனடாவும் பிரான்சும் சேர்ந்து தொடங்கியது இது. அந்த வருஷம் செப்டம்பரிலேயே கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தின் மூன்று பேரை சோவியத் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்தது. இந்தியாவும் இதில் உண்டு. நமக்கான கட்டுப்பாட்டு மையம் இருப்பது பெங்களூரில், இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில்.

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இஸ்ட்ராக் இருப்பது பீன்யா தொழிற்பேட்டையில். எங்கள் ஜூஜூவாடி செக்போஸ்டைத் தாண்டிப் போகும் எத்தனையோ பேர் பீன்யாவில் வேலை பார்க்கிறார்கள். கடலே இல்லாத ஊரில், லேத் பட்டறைகளுக்கும் பவுடர் கோட்டிங் கடைகளுக்கும் நடுவில்தான் நடுக்கடல் கூக்குரல் வந்து விழுகிறது. அங்கே யார், எங்கே என்று பிரித்து, மும்பை, சென்னை, போர்ட் பிளேரில் உள்ள கடலோரக் காவல் படையின் மீட்பு மையங்களுக்கு அனுப்புகிறார்கள்.

மீனவர்களுக்கென்றே விலை குறைந்த ஒரு கருவியை இஸ்ரோ உருவாக்கி 2010-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. டி.ஏ.டி. என்று பெயர். 20,000-க்கு மேல் படகுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பொத்தானை அமுக்கினால் இடத்தோடு சேர்த்துச் செய்தி பெங்களூரு மையத்துக்குப் போகும். குறை ஒன்றே ஒன்று. அது ஒருவழிப் பாதை. அமுக்கியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அலை மேல் அலை அடிக்கிறபோது ஒரு மனுஷன் பொத்தானை அமுக்கிவிட்டு, கேட்டார்களா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். படகை விட்டுக் குதிப்பதா, காத்திருப்பதா?

2024 ஜனவரியில் இரண்டாம் தலைமுறைக் கருவி செயல்பாட்டுக்கு வந்தது. இதில் மையத்திலிருந்து 'கிடைத்தது' என்ற பதில் படகுக்கே திரும்பி வரும். ப்ளூடூத் வழியாகக் கைப்பேசியில் பார்க்கலாம். புயல் எச்சரிக்கையையும் கரையிலிருந்து முன்கூட்டியே அனுப்பலாம். ஒக்கியில் அறுந்துபோன இரண்டு இழைகளும் இதில் சேர்ந்து வருகின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைத்தார். கலிஃபோர்னியனில் ஒருவர் தூங்கப் போய் 112 வருஷம் கழித்து, கேட்டோம் என்ற ஒரு சொல் சின்னப் படகு வரைக்கும் வந்து சேர ஆரம்பித்திருக்கிறது.

மெனுவில் இருந்த கோடுகள்

இவ்வளவும் படித்த பிறகு நண்பரின் மச்சானுக்கு போன் போட்டேன். "அண்ணே, சிவப்பைத் தொடாதீங்க. மெனுவுக்குள்ள போய் எம்.எம்.எஸ்.ஐ.ன்னு இருக்கிற பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க."

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஒன்பது இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது கோடுகள்.

எண் பதியாத செட்டில் டி.எஸ்.சி. எதுவும் போகாது. அந்தச் சிவப்புப் பொத்தான் வாங்கிய நாளிலிருந்தே வெறும் பிளாஸ்டிக். நாலு வருஷமாக அதை நம்பி ஆழ்கடலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். தைரியமாக ஒரு தடவை டெஸ்ட் கால் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எண்ணை நாமாக எதையாவது போட்டுவிட முடியாது, கூடாது. முறைப்படி உரிமத்தோடு வாங்க வேண்டும். பல செட்டுகளில் ஓரிரு தடவைதான் பதிய விடும், தப்பாகப் போட்டால் சர்வீஸுக்குத்தான் எடுத்துப் போக வேண்டும். அலைச்சலுக்குச் சில மாதங்கள் ஆயின. எண் வந்து, ஜி.பி.எஸ். ஒயரையும் இணைத்த பிறகு, எண் பதிந்த பக்கத்துப் படகு ஒன்றுக்கு டெஸ்ட் கால் போடச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் குரல் செய்தி வந்தது. பின்னணியில் எஞ்சின் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

"சார், இங்க பதில் வந்ததுன்னு காட்டுது. நம்பாம அந்தப் போட்டுக்கு ஆளனுப்பிக் கேட்டேன். அங்க மணி அடிச்சுதாம்."